ரோலர் கோஸ்டரை யாரிடம் வாங்குவது? பூங்காக்கள் போடும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது சீடர் பாயின்ட் பூங்கா. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் அதையே உதாரணமாக எடுத்திருக்கிறோம். காரணம், பெரிய கோஸ்டர் நிறுவனங்கள் பலவற்றிடமும் அது வாங்கியிருக்கிறது. சிலரிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, சிலரிடம் ஒரு கட்டத்துக்குப் பிறகு போகவே இல்லை. யாரிடம் ஏன் வாங்குகிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்தத் தொழிலில் யார் யார் இருக்கிறார்கள்?

பெரிய கோஸ்டர் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் இருபது பேருக்குள்தான் வருவார்கள். சுவிட்சர்லாந்தின் மோன்தே நகரில் பி அண்ட் எம் (வால்டர் பொலிகரும் கிளோட் மாபிலாரும் 1988இல் தொடங்கியது). லிக்டென்ஸ்டைனில் இன்டமின். நெதர்லாந்தில் வெகோமா. ஜெர்மனியில் மாக், கெர்ஸ்ட்லாவர், சீரர், மவ்ரர். இத்தாலியில் சாம்பெர்லா. அமெரிக்காவில் ஆர்.எம்.சி., எஸ் அண்ட் எஸ், பிரீமியர். மரக் கோஸ்டருக்கு ஜி.சி.ஐ., கிராவிட்டி குரூப். இவர்களில் எல்லோரும் எல்லாமும் செய்வதில்லை. 90 மீட்டர் உயரத்துக்குக் கோஸ்டர் வேண்டும் என்று கேட்டால் கையை உயர்த்துகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். குழந்தைகளுக்கான சின்ன கோஸ்டர் என்றால் அந்த இரண்டு மூன்று பேரைத் தவிர மற்ற பலரும் வருவார்கள். ஆகவே என்ன மாதிரி சவாரி என்று முடிவானதுமே பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

பூங்கா முதலில் பார்ப்பது எது: உயரமா, வேகமா, விலையா?

மூன்றும் இல்லை. தன்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத்தான் முதலில் பார்க்கும். சீடர் பாயின்ட்டின் வரிசையைக் கவனியுங்கள். 1989இல் ஆரோ டைனமிக்ஸ் கட்டிய மேக்னம், 205 அடி. 1994இல் பி அண்ட் எம்மின் ரேப்டர், தடத்துக்குக் கீழே கால் தொங்க உட்கார்ந்து போவது. 2000இல் இன்டமினின் மில்லேனியம் ஃபோர்ஸ், 310 அடி. 2007இல் அதே இன்டமினிடம் மேவரிக்: உயரம் 105 அடிதான், ஆனால் வளைந்து நெளிந்து மின்காந்த உந்துதலில் பாய்வது. 2013இல் தடத்தின் இரு பக்கமும் இறக்கை போல இருக்கை வைத்த கேட்கீப்பர், 2016இல் செங்குத்தாக விழும் வால்ரவன், இரண்டும் பி அண்ட் எம். 2018இல் ஆர்.எம்.சி.யின் ஸ்டீல் வெஞ்சன்ஸ். 2025இல் வெகோமாவின் சைரன்ஸ் கர்ஸ்: உச்சியில் தடமே சாய்ந்து வண்டியைக் கவிழ்ப்பது போலத் தொங்கவிடும். ஒன்று போல் இன்னொன்று இல்லை. இறக்கைக் கோஸ்டர் வேண்டும் என்று தீர்மானித்த நாளிலேயே பி அண்ட் எம் முன்னுக்கு வந்துவிடும். சாயும் தடம் வேண்டும் என்றால் வெகோமா.

தன்னிடம் எந்த வகை இல்லை என்று தெரிந்த பிறகு வரும் கேள்வி, மணிக்கு எத்தனை பேர்.

மணிக்கு எத்தனை பேர் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? எப்படிக் கணக்கிடுவது?

ஒரு வண்டியில் எத்தனை இருக்கை, எத்தனை விநாடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 3600ஐ இடைவெளி விநாடிகளால் வகுத்து இருக்கைகளால் பெருக்குங்கள். 32 இருக்கை, 75 விநாடி என்றால் மணிக்கு 1536 பேர். 24 இருக்கை, அதே 75 விநாடி என்றால் 1152. மேவரிக்கில் வண்டிக்கு 12 பேர்தான். அது 1200ஐத் தொட 36 விநாடிக்கு ஒரு வண்டி கிளம்பியாக வேண்டும். அதனால்தான் அதற்கு ஆறு வண்டி வாங்கினார்கள்.

நிறுவனம் தரும் கையேட்டில் இருக்கும் எண் வேறு, சனிக்கிழமை மதியம் கிடைக்கும் எண் வேறு. லேப் பாரை (மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி) ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்க்க வேண்டும். பெல்ட் எட்டாதவர் எழுந்து இறங்குவார். செருப்பையும் பையையும் எதிர்ப்பக்கப் பெட்டியில் வைத்துவிட்டு வருவார்கள். 75 விநாடி 110 விநாடியாக நீண்டால் அதே 32 இருக்கை வண்டியில் 1536 பேர் 1047 ஆகிவிடும். எந்த நிறுவனத்தின் பூட்டு முறை, எந்த இருக்கை அமைப்பு இந்த நேரத்தைக் குறைக்கிறது என்று வாங்குகிறவர்கள் நேரில் போய் ஸ்டாப் வாட்ச் வைத்து அளப்பார்கள். பி அண்ட் எம்முக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு: ஒரு வரிசையில் நான்கு பேர், எட்டு வரிசை, தட்டையான மேடை, இருபுறமும் ஊழியர்கள் நடந்தபடியே சோதித்துவிடலாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடம் பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம், முன்னால் உள்ளது காலியாகும்வரை பின்னால் வருவது பிரேக்கில் நிற்கும். மூன்று வண்டி ஓட வேண்டுமானால் ஸ்டேஷன், லிஃப்ட் (வண்டியை உச்சிக்கு இழுத்து ஏற்றும் சரிவு), நடு பிரேக், இறுதி பிரேக் எல்லாம் அதற்கேற்ற தூரத்தில் அமைய வேண்டும். நடு பிரேக் வைத்தால் சவாரியின் வேகம் அங்கே உடையும், வைக்காவிட்டால் வண்டிகளின் எண்ணிக்கை குறையும். இந்தப் பேரத்தில் ரசிகர்கள் ஒரு பக்கம், செயல்பாட்டு மேலாளர் மறுபக்கம். பெரும்பாலும் மேலாளர்தான் ஜெயிப்பார்.

பி அண்ட் எம் விலை கூடுதல் என்கிறார்கள். பிறகு ஏன் எல்லோரும் அங்கே போகிறார்கள்?

லாரி வாங்குகிறவர் ஷோரூம் விலையைவிட அது மாதத்தில் எத்தனை நாள் பட்டறையில் நிற்கும் என்று பார்ப்பார் இல்லையா, அதே கணக்குதான். மணிக்கு 1500 பேர் போகும் கோஸ்டர் சீசன் நாளில் நான்கு மணி நேரம் நின்றால் 6000 சவாரி போயிற்று. அந்தக் கூட்டம் மற்ற வரிசைகளில் போய் நிற்கும், எல்லா இடத்திலும் காத்திருப்பு நீளும், வாசலில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

பி அண்ட் எம் புதிய தொழில்நுட்பத்தில் அவசரப்படுவதில்லை. பெட்டி வடிவ முதுகெலும்புத் தடம், சங்கிலி லிஃப்ட், நன்றாகப் பழகிய சக்கர அமைப்பு. 1992இல் சிகாகோ அருகே உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில் முதல் தொங்கு கோஸ்டரான பேட்மேனைக் கட்டினார்கள். இன்று அதே வகையை வாங்கினாலும் அடிப்படை அமைப்பு அப்போதே தேறிவிட்டது. அமெரிக்கப் பூங்காக்களுக்குப் போகும் தடத் துண்டுகளை ஒஹாயோவில் உள்ள ஒரு எஃகுப் பட்டறையிலேயே செய்துவிடுவதால் கடல் கடந்த சரக்குச் செலவும் குறைகிறது.

இவர்களிடம் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூன் இறுதியில் வட கரோலினா எல்லையில் உள்ள காரோவின்ட்ஸ் பூங்காவில், 325 அடி உயர ஃபியூரி 325இன் ஒரு தூண் உச்சியில் பிளந்து, வண்டி கடக்கும்போது விலகி விலகி அசைவதை ஒரு பார்வையாளர் கண்டு படம் பிடித்தார். சவாரியை உடனே மூடினார்கள். பி அண்ட் எம் புதுத் தூண் செய்து அனுப்பியது, சோதனைகள் முடிந்து ஆகஸ்ட் 10 அன்று மீண்டும் ஓடியது. வாங்குகிறவர்கள் இதில் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொண்டார்கள். தூணைத் தினமும் கண்ணால் பார்க்கும் சோதனையில் இது ஏன் சிக்கவில்லை என்பது ஒன்று. அது பூங்காவின் பாடு. ஆறு வாரத்துக்குள் ஒரு ராட்சதத் தூணைச் செய்து கொண்டுவந்து நட முடிந்தது என்பது இன்னொன்று. அது நிறுவனத்தின் பலம்.

அப்படியானால் இன்டமினிடம் ஏன் போகிறார்கள்?

மற்றவர்கள் தயங்குவதை அவர்கள் செய்வார்கள். மில்லேனியம் ஃபோர்ஸின் உயரத்துக்குச் சாதாரண சங்கிலி என்றால் எடை தாங்காது, மெதுவாகவும் ஏறும். இன்டமின், கட்டட லிஃப்டில் இருப்பது போன்ற எஃகுக் கயிற்றைப் போட்டது. 45 டிகிரி சரிவில் வண்டி விறுவிறுவென்று ஏறிவிடும், ஏற்றத்துக்கு இடமும் மிச்சம். அதற்கு விலையும் உண்டு: கயிற்றோடு வண்டியைப் பிடித்து இழுக்கும் கொக்கிவண்டி உச்சிவரை போய்விட்டுக் கீழே திரும்பி வந்தால்தான் அடுத்த வண்டியை எடுக்க முடியும்.

2003இல் சீடர் பாயின்ட்டில் டாப் த்ரில் டிராக்ஸ்டர், 420 அடி, மணிக்கு 120 மைல். 2005இல் நியூ ஜெர்சியில் கிங்டா கா, 456 அடி, 128 மைல். 2010இல் அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் ஃபார்முலா ரோஸா, மணிக்கு 240 கிலோமீட்டர். மூன்றும் இன்டமின், மூன்றும் ஹைட்ராலிக் உந்துதல். "உலகிலேயே உயரமானது" என்று பலகை மாட்ட ஆசைப்பட்ட பூங்காவுக்கு அந்தக் காலத்தில் இந்த வீட்டு வாசலைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை.

ஹைட்ராலிக் உந்துதலில் அப்படி என்ன கோளாறு வரும்?

நைட்ரஜன் வாயுவை அழுத்திச் சேமித்த கலன்கள் எண்ணெயைத் தள்ளும், அது பல மோட்டார்களைச் சுழற்றும், மோட்டார்கள் பெரிய உருளையைச் சுழற்றும், உருளை கயிற்றைச் சுற்றும், கயிறு கொக்கிவண்டியை இழுக்கும், அது ரயிலை இழுக்கும். நான்கு விநாடியில் எல்லாம் முடிய வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி சூடானாலும் அன்றைக்கு நிற்கும். எண்ணெய் சூடேறும், சீல் கசியும், கயிறு நைந்து அடிக்கடி மாற்ற வேண்டிவரும். காற்று எதிர்த்து வீசினால் வண்டி உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி இறங்கும். அதற்கென்றே உந்துதடத்தில் மேலெழும் காந்த பிரேக்குகள் உண்டு. ஆகவே பயணிகளுக்கு ஆபத்தில்லை, கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் அடுத்த வண்டி தாமதம்.

மின்காந்த உந்துதல் (எல்.எஸ்.எம்.) வந்தபின் கதை மாறியது. தடத்தோரம் சுருள்கள், வண்டியடியில் காந்தங்கள், நடுவில் தேய்கிற பொருள் இல்லை. ஒரு சுருள் பழுதானால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். இதன் பிரச்சினை மின்சாரம்: சில விநாடிக்கு மட்டும் பெரும் மின்திறன் தேவை. மின்வாரியம் அந்த உச்சத்துக்குத் தனிக் கட்டணம் போடும். ஃபிளைவீலோ மின்தேக்கியோ வைத்துச் சமாளிக்கிறார்கள். இன்று புதிதாக ஹைட்ராலிக் கேட்டு யாரும் வருவதில்லை.

டிராக்ஸ்டர் என்னவாயிற்று?

2021 ஆகஸ்டில் வண்டியிலிருந்து கழன்ற ஓர் உலோகத் துண்டு வரிசையில் நின்ற பெண் ஒருவரைத் தலையில் தாக்கிப் பலத்த காயம் ஏற்படுத்தியது. சவாரி அதோடு மூடப்பட்டது. சீடர் பாயின்ட் அதைத் திருத்தும் வேலையை இன்டமினிடம் தராமல் இத்தாலியின் சாம்பெர்லாவிடம் கொடுத்தது. ஹைட்ராலிக்கை எடுத்துவிட்டு எல்.எஸ்.எம். போட்டு, பின்பக்கம் இன்னொரு 420 அடிக் கோபுரம் எழுப்பி, டாப் த்ரில் 2 என்ற பெயரில் 2024 மே மாதம் திறந்தார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஓடியது. வண்டிகளை மாற்றியமைக்க வேண்டும் என்று மூடினார்கள், அந்த ஆண்டு முழுக்கத் திறக்கவில்லை, 2025இல்தான் மறுபடி ஓடியது.

குடும்பக் கோஸ்டர்களுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் முதல்முறை 120 மைல் வேகத்துக்கு வண்டி செய்தது. அந்த வேகத்தில் சக்கரமும் அடிச்சட்டமும் என்ன பாடுபடும் என்பதைக் கணினி எவ்வளவு சொன்னாலும், வெயிலில் ஆயிரக்கணக்கான சுற்று ஓடிய பின்தான் முழுதாகத் தெரியும். "இந்த அளவில் இதற்குமுன் எத்தனை செய்திருக்கிறீர்கள், அவை எங்கே ஓடுகின்றன?" என்ற கேள்வியை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதற்கு இதுதான் காரணம். பதில் "நீங்கள்தான் முதல்" என்றால் திறப்பு விழாத் தேதியை விளம்பரத்தில் போடாதீர்கள்.

கிங்டா காவின் முடிவு இன்னும் சுருக்கம். 2024 நவம்பரில் ஓட்டம் நின்றது, 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்த்தார்கள். இருபது ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

சக்கரம் என்ன பெரிய விஷயம்?

பராமரிப்புச் செலவில் பெரிய பங்கு சக்கரத்துக்குத்தான். ஒவ்வொரு சக்கரத் தொகுப்பிலும் மூன்று வகை இருக்கும்: எடையைத் தாங்கும் மேல் சக்கரம், பக்கவாட்டில் பிடிக்கும் சக்கரம், வண்டி தடத்தைவிட்டு எழாமல் அடியில் பிடிக்கும் சக்கரம். மேலே பாலியூரிதேன் பூசினால் சவாரி மெத்தென்று இருக்கும், ஆனால் உராய்வு கூடும், சூடாகும். நைலான் என்றால் வேகம் கூடும், அதிர்வும் கூடும். நீண்ட, வேகமான தடங்களில் பூச்சு சூடேறி உலோக வளையத்திலிருந்து பிரிந்து துண்டு துண்டாகக் கிழியும். குளிர்ந்த காலையில் சக்கரம் இறுகி வண்டி மெதுவாக ஓடி மேடேறாமல் பள்ளத்தில் நின்றுவிடலாம். அப்படி நின்றால் கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மதிய வெயிலில் அதே வண்டி அளவுக்கு மீறி வேகமாக வரும், பிரேக்கை நெருக்கி அமைக்க வேண்டிவரும். ஆகவே நல்ல ஆலை ஒரு நாளைக்கே இரண்டு மூன்று சக்கரக் கலவைகளைப் பரிந்துரைக்கும். அந்தச் சக்கரத்தை உள்ளூரில் மறுபூச்சு செய்ய அனுமதி உண்டா, அல்லது அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பலரும் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

மரக் கோஸ்டர் உடலை உலுக்கி எடுக்கிறது. இடித்துவிடலாமா?

சீடர் பாயின்ட்டில் 1991இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டே போனது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், ஆணி தளரும், வண்டி அதன்மேல் ஓடி இன்னும் தளர்த்தும். தச்சர்கள் குழு ஒன்று நிரந்தரமாக வேலை செய்தாலும் தீராது.

ஐடஹோவைச் சேர்ந்த ஆர்.எம்.சி. இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. தூண்களில் நல்லவற்றை அப்படியே விட்டுவிட்டு, மேலே இருக்கும் மரத் தண்டவாளத்தை மட்டும் எடுத்து, எஃகுத் தகடுகளை ஒட்டவைத்துச் செய்த ஐ வடிவத் தண்டவாளத்தைப் பூட்டுவது. 2011இல் டெக்சாஸ் ஜயன்ட்டில் முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். அடித்தளம், தூண் எல்லாம் பெருமளவு மிச்சம். விளம்பரத்துக்கோ புதுச் சவாரி. மீன் ஸ்ட்ரீக் 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது, 205 அடி. வண்டிக்கு 24 பேர். திறந்த நாளிலேயே இரண்டு வண்டிகள் மெதுவாக முட்டிக்கொள்ள, சில காலம் ஒரே வண்டியோடு ஓட்டினார்கள். மூன்று வண்டிக் கோஸ்டர் ஒரு வண்டியோடு ஓடினால் வரிசை எப்படியிருக்கும் என்று மேலே உள்ள சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்.

இடம் சின்னது, அல்லது உயரத்துக்குத் தடை. அப்போது?

தடையே நிறுவனத்தைத் தேர்ந்துவிடும். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் தெரியக்கூடாது. 1994இல் நெமெசிஸ் கட்டியபோது பாறையை வெடிவைத்துப் பள்ளம் தோண்டி அதற்குள் தடத்தை இறக்கினார்கள். பி அண்ட் எம்மின் தொங்கு கோஸ்டருக்கு அது நன்றாகப் பொருந்தியது, ஏனென்றால் காலுக்குக் கீழே பாறை நெருங்கி வந்தாலே பயம் இரட்டிப்பாகும், உயரம் தேவையில்லை.

இடம் மிகக் குறைவு என்றால் கெர்ஸ்ட்லாவரின் யூரோ ஃபைட்டர் வகை. வண்டி செங்குத்தாக ஏறி, 90 டிகிரியைத் தாண்டிய சரிவில் விழும்; ஏற்றத்துக்கான நீளம் முழுக்க மிச்சம். வண்டிக்கு எட்டுப் பேர் என்பதுதான் இதன் பலவீனம். அதைவிட மலிவாக வேண்டும் என்றால் வெகோமாவின் பூமராங், 1984 முதல் விற்கிறது, உலகம் முழுக்க ஐம்பதுக்கும் மேல். ஒரே வண்டி முன்னே போய் அதே தடத்தில் பின்னே வரும். ஒரு வண்டிக்குமேல் ஓட வழியே இல்லை.

ஒரே வடிவத்தை நகலெடுத்து வாங்குவது கேவலமா?

ரசிகர்களுக்குப் பிடிக்காது, கணக்காளருக்குப் பிடிக்கும். சிக்ஸ் ஃபிளாக்ஸ் பேட்மேனை 1992க்கும் 1999க்கும் நடுவில் சிகாகோ, நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, செயின்ட் லூயிஸ், அட்லான்டா, டெக்சாஸ் என்று ஆறு இடங்களில் வைத்தது. வடிவமைப்புச் செலவு ஒருமுறைதான், உதிரிபாகம் பொது, ஒரு பூங்காவில் கண்ட விரிசலை மற்ற ஐந்திலும் அதே இடத்தில் தேடலாம். சிகாகோவில் இருப்பவர் அட்லான்டாவுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கவா போகிறார்?

நிறுவனம் மூடிவிட்டால் கோஸ்டர் அநாதையா?

கிட்டத்தட்ட. ஆரோ டைனமிக்ஸ் 2001இல் திவாலானது. அதன் சொத்துக்களை அடுத்த ஆண்டு எஸ் அண்ட் எஸ் வாங்கியதால் வரைபடங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அதே 2001இல் வெகோமாவும் திவாலாகி, புது உருவில் மீண்டது. 2018இல் ஜப்பானின் சான்செய் டெக்னாலஜீஸ் வாங்கியது. வாங்குகிறவர் முப்பது ஆண்டு முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்பதால் நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படிப்பார்கள்.

நிறுவனம் உயிரோடு இருந்தால் என்ன பயன் என்பதற்கு இரண்டு உதாரணம். சீடர் பாயின்ட்டில் நின்றபடி போகும் மேன்டிஸ் கோஸ்டரில் வலி தாங்காமல் ஆட்கள் வருவது குறைந்தது. 2015இல் பி அண்ட் எம் அதே தடத்துக்கு உட்கார்ந்து போகும் தரையில்லா வண்டிகளைச் செய்து தந்தது, ருகரூ என்று பெயர் மாறியது. நெமெசிஸ் 2022 நவம்பரில் மூடப்பட்டு, தடத்தின் பெரும்பகுதியை அதே பி அண்ட் எம் புதிதாகச் செய்து தர, 2024இல் திறந்தது. அசல் கணக்குத்தாள் கையில் இருந்தால்தான் பழைய அடித்தளத்தில் புதுத் தடம் பொருந்தும்.

உயிரோடு இல்லாவிட்டால் வேறொருவரிடம் வண்டி மட்டும் வாங்கலாம். ஜப்பானின் நாகாஷிமாவில் மோர்கன் நிறுவனம் 2000இல் கட்டிய ஸ்டீல் டிராகனுக்கு 2013இல் பி அண்ட் எம் வண்டி செய்து கொடுத்தது. தட அகலம், வளைவின் ஆரம், பிரேக் தகட்டின் இடம் எல்லாம் மறுபடி அளக்க வேண்டும். நடக்கும், ஆனால் மலிவில்லை.

விபத்து நடந்தால் அந்த நிறுவனத்தை ஒதுக்கிவிடுவார்களா?

யார் தவறு என்று பார்த்துத்தான். ஆல்டன் டவர்ஸின் ஸ்மைலர், 14 முறை தலைகீழாகச் சுற்றுவது, கெர்ஸ்ட்லாவர் செய்தது. 2015 ஜூன் 2 அன்று தடத்தில் நின்றிருந்த வெற்று வண்டியில், ஆட்கள் ஏறிய வண்டி மோதி பலர் படுகாயமடைந்தார்கள். இருவருக்குக் காலை எடுக்க வேண்டிவந்தது. கட்டுப்பாட்டுக் கணினி பிளாக்கில் வண்டி இருப்பதைச் சரியாகவே கண்டு நிறுத்தியிருந்தது. ஊழியர்கள் அதைத் தவறான எச்சரிக்கை என்று எண்ணிக் கையால் மீறி இயக்கினார்கள். 2016இல் நீதிமன்றம் பூங்கா உரிமையாளரான மெர்லினுக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. நிறுவனத்தின் தடத்திலோ வண்டியிலோ குறை காணப்படவில்லை. கெர்ஸ்ட்லாவர் தொடர்ந்து விற்கிறது.

இதற்கு நேர்மாறாக, சத்தமில்லாமல் விலகுவதும் உண்டு. சீடர் பாயின்ட்டின் அப்போதைய தாய் நிறுவனமான சீடர் ஃபேர், 2010இல் வர்ஜீனியாவில் 305 அடிக் கோஸ்டரை இன்டமினிடம் வாங்கியது. முதல் வளைவில் பயணிகளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது; அடுத்த சீசனுக்குள் அந்த வளைவின் ஆரத்தையே பெரிதாக்கினார்கள். மேவரிக்கிலும் திறப்பதற்கு முன்பே ஒரு சுழல் வளைவைக் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது. 2012இல் கனடாவில் 306 அடி லெவையத்தனை அதே குழுமம் பி அண்ட் எம்மிடம் கொடுத்தது. காரணம் என்று யாரும் அறிக்கை விடவில்லை. வரிசையைப் பார்த்தால் புரிகிறது.

ஆர்டர் கொடுத்ததிலிருந்து திறப்புவரை எவ்வளவு காலம்? எங்கே தாமதமாகும்?

பெரிய கோஸ்டருக்கு இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை, காற்று மற்றும் நிலநடுக்க விசைக் கணக்கு, தட வரைவு, சுயேச்சையான பொறியாளரின் சரிபார்ப்பு (அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப்2291, ஐரோப்பாவில் ஈ.என். 13814), பிறகு ஆலையில் வளைத்தல், வெல்டிங், பெயின்ட். இதற்கிடையில் பூங்காவில் அடித்தளம் போட்டுவிட வேண்டும். கான்கிரீட்டில் பதிக்கும் நங்கூர போல்ட்டுகள் சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் தூணின் அடித்தகடு உட்காராது. கோஸ்டர் வேலையில் பலரும் இடறும் இடம் இதுதான். அது நிறுவனத்தின் பொறுப்பில் வராது, உள்ளூர் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. தடம் பூட்டியபின் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து நூற்றுக்கணக்கான சுற்று ஓட்டி, முடுக்கமானியால் ஜி விசையை அளப்பார்கள்.

ஆலைக்கு ஆண்டுக்கு இத்தனைதான் செய்ய முடியும் என்ற வரம்பு உண்டு. விரும்பிய நிறுவனத்திடம் இடம் காலியில்லாததால் இரண்டாம் விருப்பத்திடம் போன பூங்காக்கள் பல. அதை யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

விலைப்புள்ளியில் எதைத் தேட வேண்டும்?

மேக்னத்துக்கு 80 லட்சம் டாலர், மில்லேனியம் ஃபோர்ஸுக்கு 2.5 கோடி, ஃபியூரி 325க்கு 3 கோடி என்று பூங்காக்கள் அறிவித்த தொகைகள் திட்டம் முழுவதற்கும் ஆனவை. ஆலை தரும் விலையில் அடித்தளம், மின்மாற்றி, ஸ்டேஷன் கட்டடம், வரிசைப் பந்தல், கிரேன் வாடகை எதுவும் இருக்காது. உபரி வண்டி உண்டா என்று பாருங்கள். குளிர்காலம் முழுக்க மூடும் சீடர் பாயின்ட் அந்த மாதங்களில் வண்டியைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி என்.டி.டி. சோதனை (பாகத்தைச் சிதைக்காமல் விரிசல் தேடுவது) செய்யும், ஆண்டு முழுக்க ஓடும் பூங்காவுக்கு அந்த வசதி இல்லை, ஒரு வண்டி எப்போதும் பட்டறையில்தான் இருக்கும். விரிசல் சோதனை எந்த வெல்டுகளில், எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்ற பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். விலை சுவிஸ் ஃபிராங்கிலா, யூரோவிலா என்பதும் சின்ன விஷயமில்லை.

இந்தியாவில் நிலை என்ன?

மகாராஷ்டிரத்தின் கோபோலியில் உள்ள இமேஜிக்கா 2013இல் பி அண்ட் எம்மின் நைட்ரோவைக் கொண்டுவந்தது, தரையில்லா வகை. வொண்டர்லா தன் சென்னைப் பூங்காவுக்கு அதே நிறுவனத்தின் தொங்கு கோஸ்டரைத் தேர்ந்தது. ஆண்டு முழுக்க ஓட்டம், கடலோர உப்புக்காற்று, மழைக்காலம், உதிரிபாகம் சுங்கத்தில் காத்திருப்பது எல்லாம் இங்கே சேர்ந்து வரும். அதனால் ஆலையிலிருந்து பெட்டி வரும்வரை தாங்கும் அளவுக்குச் சக்கரம், பேரிங், சென்சார், பிரேக் பட்டை கையிருப்பு வைத்தே ஆக வேண்டும். வொண்டர்லா சின்னச் சவாரிகள் சிலவற்றைக் கொச்சியில் தானே செய்துகொள்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கும். பெரிய கோஸ்டரை அப்படிச் செய்ய முடியாது.

சொந்தமாகவே கோஸ்டர் செய்யும் குடும்பம் வேறொருவரிடம் வாங்குமா?

வாங்கியிருக்கிறது. ஜெர்மனியின் யூரோப்பா பார்க், மாக் குடும்பத்தின் பூங்கா. தங்கள் ஆலையின் தயாரிப்புகளை வைத்துக் காட்டும் இடமும் அதுதான். 2002இல் 73 மீட்டர் உயரக் கோஸ்டர் வேண்டும் என்றபோது அந்த அளவில் மாக் செய்ததில்லை. சில்வர் ஸ்டாரை பி அண்ட் எம்மிடம் வாங்கினார்கள். இன்றும் ஓடுகிறது.

பார்த்ததும் யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். இரண்டு தண்டவாளத்துக்கு அடியில் தடிமனான சதுரப் பெட்டி ஓடினால் பி அண்ட் எம் என்று முதலில் நினையுங்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் வண்டி போகும்போது உறுமும், குடியிருப்பு பக்கத்தில் இருந்தால் உள்ளே மணல் நிரப்பி அடக்குவார்கள். மூன்று அல்லது நான்கு குழாய்களைப் பின்னிய சட்டம் என்றால் இன்டமினாக இருக்க வாய்ப்பு அதிகம். மரத் தூண்மேல் குழாயே இல்லாமல் தட்டையான எஃகுத் தண்டவாளம் என்றால் ஆர்.எம்.சி. பழைய ஆரோ தடத்தைக் கண்ணைவிட முதுகு சீக்கிரம் அடையாளம் காணும்: வளைவுக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரு வெட்டு வெட்டும்.